கொட்டேஷனில் எழுதாமல் விட்டதைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பி காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறான். படிக்கவும் கேம் விளையாடவும் ஒரே கம்ப்யூட்டர், மானிட்டரையும் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் வேண்டும். இரண்டு கடையில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். முதல் கடை 48,000: கோர் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் பெட்டி), கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி கேமிங் கேபினட், 22 இன்ச் மானிட்டர். இரண்டாவது கடை 54,000: ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி450 போர்டு (பாகங்களை மாட்டும் மதர்போர்டு), டிடிஆர்4 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினட், 22 இன்ச் மானிட்டர். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. "ஐ7ம் இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கு, விலையும் ஆறாயிரம் குறைவு. முதல் கடையிலேயே வாங்கிடலாமா?" இதுதான் கேள்வி. தம்பி விளையாடுவது வேலரண்ட், ஜிடிஏ 5. "புதுசா வர்ற கேமும் ஓடணும்" என்கிறானாம். கரண்ட் பில் எவ்வளவு கூடும், பழைய கார்டு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

உண்மையில் நீங்கள் கேட்பது எந்த பிராசஸர் உசத்தி என்பதை இல்லை. பார்ட்ஸ் பற்றி அதிகம் தெரியாத ஒருவர், கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கேட்கிறீர்கள். நான் வேலூரில் பல வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். அசெம்பிள் செய்து கொடுப்பதும் உண்டு, ஆனால் முக்கால்வாசி நேரம் ரிப்பேருக்கு வருவதைத்தான் பார்க்கிறேன். எது எந்த வீட்டில் ஏன் போகிறது என்று தெரியும். அந்த அனுபவத்தில் சொல்வதானால், கொட்டேஷனில் எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டதைப் பார்க்க வேண்டும். மாடல் நம்பர் இல்லாத வரி எதுவோ, உங்கள் பணம் போகிற இடம் அதுதான். அந்தக் கணக்கில் முதல் கொட்டேஷனை வாங்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐ7. இன்டெல் ஐ7 என்ற பெயரை 2008லிருந்து பயன்படுத்துகிறது. எந்தத் தலைமுறை என்று சொல்லாமல் வெறும் ஐ7 என்று எழுதுவது, மூன்று பெட்ரூம் வீடு என்று சொல்லிவிட்டு எந்த ஊரில் என்பதைச் சொல்லாமல் விடுவது மாதிரி. 2012இல் வந்த ஐ7 3770இல் 4 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 8 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). 2022இல் வந்த ஐ3 12100எஃப்பிலும் அதே 4 கோர், 8 திரெட். ஆனால் வேகத்தில் அந்த ஐ3, அந்த ஐ7ஐ வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். இந்த விலையில் கிராஃபிக்ஸ் கார்டோடு ஐ7 தருகிறார்கள் என்றால் அது மூன்றாவது, நான்காவது தலைமுறைப் பழைய பிராசஸராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பெனிகள் கழித்துப்போடும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிராசஸர், புதிதாகச் செய்த மலிவு போர்டு, கண்ணாடி கேபினட். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத்தான் இருக்கும். இது என் ஊகம்தான், சீட்டைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லில் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். குறுக்கு வழியில் பழையதில் ஏற்றலாம், பலர் ஏற்றித் தருகிறார்கள். ஆனால் உங்கள் தம்பி விளையாடும் வேலரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் திறக்கும். அந்தப் பழைய போர்டுகளில் டிபிஎம் 2.0 இருக்காது. ஆக, கம்ப்யூட்டர் ஓடும், அவன் கேட்ட கேம் ஓடாது. வாங்கி ஒரு வாரத்தில் இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருபவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

அடுத்தது "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு". 4 ஜிபி என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு, வேகம் இல்லை. 2014இல் வந்த ஜிடி 730இலும் 4 ஜிபி போட்டு விற்கிறார்கள். 2016இன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐயிலும் 4 ஜிபி, 2019இன் ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபி, 2022இன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் 4 ஜிபி. முதலாவது படம் காட்டுவதற்கு மட்டும்தான் லாயக்கு, இன்றைய கேமுக்கு இல்லை. 1050 டிஐ பழைய கேமுக்குப் போதும். 1650 ஓரளவு பரவாயில்லை. 6500 எக்ஸ்டியில் ஒரு கண்ணி இருக்கிறது: போர்டோடு பேச அதற்கு நான்கே லேன் (தகவல் போகும் பாதை)தான். அந்தப் பாதையின் தலைமுறையைச் சொல்வதுதான் பிசிஐஇ என்ற நம்பர். பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் போட்டால் நன்றாகவே வேகம் குறையும். நான்குமே சீட்டில் "4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு" என்று ஒரே மாதிரிதான் எழுதப்படும்.

முதல் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர்கள் ஐ7 இருக்கா என்றுதான் கேட்கிறார்கள், அவரும் அதற்கேற்ப எழுதுகிறார். போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். பிராசஸரின் முழு நம்பர் என்ன? கிராஃபிக்ஸ் கார்டின் கம்பெனி, மாடல் என்ன? எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உண்டா? "நல்ல கம்பெனிதாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம்.

இரண்டாவது கொட்டேஷன் பார்க்கக் கொஞ்சம் ஏழையாகத் தெரியும். ஆனால் எழுதியவர் தொழில் தெரிந்தவர். ரைசன் 5 5600ஜி 2021இல் வந்தது. 6 கோர், 12 திரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ் இருக்கிறது. ராமை 16 ஜிபி ஒன்றாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போட்டிருக்கிறார் பாருங்கள், அதில்தான் அவருடைய அனுபவம் தெரிகிறது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே ராம் போட்டால் ஒரு வழி, இரண்டு போட்டால் இரு வழி. இந்தச் சின்ன வித்தியாசத்தில் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். இதில் வேலரண்ட் குறைந்த செட்டிங்கில் வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5இன் பழைய பதிப்பு மிதமான செட்டிங்கில் விளையாடும்படி ஓடும். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு இது போதாது. அதை மறைக்காமல் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, 60,000க்குள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்து வாங்க முடியாதா? ஒரு வருடம் முன்பு கேட்டிருந்தால் முடியும் என்று சொல்லியிருப்பேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மெமரி சிப் செய்யும் கம்பெனிகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே சரக்கைத் திருப்பிவிட்டதால் நம் பக்கம் வரத்து குறைந்தது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. அதனால் பார்ட்ஸ் விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதி நீங்கள் கடைக்குப் போவதற்குள் மாறியிருக்கும். ஆனால் பங்கு பிரிக்கும் கணக்கு மாறாது. கேமுக்கென்று வாங்கும் கம்ப்யூட்டரில் மானிட்டரைத் தவிர்த்த தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் வேறு எங்கோ வீணாகிறது என்று அர்த்தம். உங்கள் தொகையில் அப்படி ஒதுக்கினால் மற்ற பாகங்களை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டும்போது எல்லாரும் முதலில் வெட்டுவது எஸ்எம்பிஎஸ். நம்ம ஊரில் அது கடைசியாக வெட்ட வேண்டிய பொருள்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஐ3 12100எஃப் மாதிரி சின்னப் புது பிராசஸர், எச்610 போர்டு, அதோடு ஒரு நல்ல கார்டு. கேம் இன்றைக்கே நன்றாக ஓடும். ஆனால் இன்டெல் பெயரில் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை மானிட்டரில் ஒன்றுமே வராது. வாரண்டி என்பது சில நாளில் முடியலாம், சில வாரமும் இழுக்கலாம். செமஸ்டர் நேரத்தில் ப்ராஜெக்ட் வேலை இருக்கும்போது அந்த நிலை வேண்டாம். இரண்டாவது வழி, 5600ஜியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டு, கார்டை அடுத்த தீபாவளிக்கோ தம்பிக்கு ஏதாவது பணம் வரும்போதோ வாங்குவது. படிக்கிற பையனுக்கு, அக்கா சம்பளத்தில் வாங்குகிற கம்ப்யூட்டருக்கு, நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இது என் அபிப்பிராயம். வேறு ஒருவர் முதலாவதைச் சொன்னால் அவர் தப்பு என்று சொல்ல மாட்டேன். கார்டு வந்த பிறகும் 5600ஜி வீணாகாது. அது பிசிஐஇ 3.0 என்பதால் புதுக் கார்டுகளில் கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் எட்டு லேன் உள்ள கார்டுகளில் அந்த இழப்பு சிறியது, விளையாடும்போது தெரியாது. நான்கு லேன் கார்டை மட்டும் தொடாதீர்கள். பி450 போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸை (போர்டின் உள்ளே இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்யாமல் 5600ஜியில் டிஸ்ப்ளே வராது. கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

புதுத் தலைமுறை டிடிஆர்5 ராம், அது போடும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஏஎம்5க்கு 2027க்குப் பிறகும் புது பிராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் போட முடியும். இன்றைய விலையில் உங்கள் பட்ஜெட்டுக்கு அது சுமை. விட்டுவிடுங்கள்.

கார்டு வாங்கும் நாள் வரும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 1080 (ஃபுல் எச்டி) மானிட்டருக்கு 8 ஜிபி மெமரி உள்ள கார்டு குறைந்தபட்சம். 12 ஜிபி தேவையா என்று எப்போதும் சண்டை நடக்கிறது. இன்றைக்கு 1080இல் பெரும்பாலான கேமுக்கு 8 போதும், மூன்று வருடம் கழித்தும் போதுமா என்பதை யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆர்எக்ஸ் என்பது ஏஎம்டி கார்டு, ஆர்டிஎக்ஸ் என்பது என்விடியா கார்டு. ஆர்எக்ஸ் 6600 எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட், ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட். விலைக்கு வேகம் என்று மட்டும் பார்த்தால் பல நாளாக 6600 நல்ல பேரம். ஆனால் தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். மெஷின் லேர்னிங் பாடம் வரும்போது கல்லூரிகளில் சொல்லித்தரும் பெரும்பாலான மென்பொருள் என்விடியாவின் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளத்தின் மேல்தான் ஓடும். அதனால் அவனுக்கு என்விடியா கார்டாகவே பாருங்கள் என்பேன். ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதில் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று என இரண்டு உண்டு. மெமரியில் மட்டும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 6 ஜிபியில் கோர்களும் குறைவு, மெமரிப் பாதையும் குறுகல். தனி பவர் கேபிள் வேண்டாம் என்பது ஒன்றுதான் அதன் வசதி. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோடு வருகிறது, ஆனால் பழைய பிராசஸரோடு சேர்த்தால் வேகம் அடிபடும், 5600ஜிக்கு ஜோடி இல்லை.

இனி எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே கட்டம் கட்டிய பொடி எழுத்தில் +12 வோல்ட் என்ற இடத்தைத் தேடுங்கள். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போவது அந்த 12 வோல்ட் மட்டும்தான். அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள், 192 வாட். பெரிய எழுத்தில் உள்ள 500 வெறும் அலங்காரம். 132 வாட் கார்டும் 65 வாட் பிராசஸரும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். கேம் நடுவில் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது என்று கொண்டுவரும் கேஸ்களில் பாதி இதுதான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 550 வாட் என்றால் 12 வோல்ட்டில் மட்டுமே அதன் பெரும்பகுதியைத் தரும். கையில் தூக்கினாலே கனத்தில் வித்தியாசம் தெரியும். பேர் தெரிந்த கம்பெனி, 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, 550 வாட், ஐந்து வருட வாரண்டி. இதற்கு இரண்டாயிரம் மூன்றாயிரம் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

அதே ஸ்டிக்கரில் இன்புட் என்ற வரியையும் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நல்லது. 200 முதல் 240 என்று மட்டும் இருந்தால், மே மாதத்து ராத்திரியில் தெருவெல்லாம் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது அது திணறும். 100 முதல் 240 உள்ளதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை, ஃப்ரிட்ஜுக்கு வைத்திருப்பதைக் கழற்றி இதற்கு மாட்ட வேண்டாம்.

யுபிஎஸ் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ், வாட் கணக்கில் சுமார் 360தான். 5600ஜி மட்டும் இருக்கும்வரை அது போதும். கார்டு வந்து, கேம் ஓடும்போது கரண்ட் போனால், மானிட்டரும் அதிலேயே இருந்தால், நெருக்கடிதான். அப்போது 1000 விஏ பக்கம் போக வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யுபிஎஸ் இல்லாமலும் ஓட்டலாம், இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டு. ஒன்று, அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில சமயம் அணைந்துவிடும், இல்லை ரீங்காரம் போடும். இரண்டு, இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் வையுங்கள். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேங்கிய மின்சாரத்தில் தாங்க வேண்டும். அதன் தாங்கும் நேரம் விதிமுறைப்படி சுமார் 16 மில்லி செகண்டுதான். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் மாற அதைவிட அதிக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். "இன்வெர்ட்டர் இருந்தும் ஆஃப் ஆகுது சார்" என்று வருபவர்களில் பலருக்கு அந்தச் சுவிட்சைத் தள்ளியதோடு என் வேலை முடிந்துவிடுகிறது.

அப்புறம் எர்த்திங். ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் கம்பியே வந்திருக்காது. அந்த பிளக்கில் கம்ப்யூட்டரைப் போட்டால் கேபினட்டின் இரும்பைத் தொடும்போது சுருசுருவென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும். கடைக்காரர் தந்த கேபினட் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைன், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். இரைச்சலை வடிகட்ட வைத்தவை அவை. எர்த் இல்லாதபோது கேபினட் லைன் வோல்டேஜில் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். மிகக் குறைந்த கரண்ட் என்பதால் சாதாரணமாக ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட்டுகள் போவதற்கு அது ஒரு காரணம் என்பது என் அனுபவம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கையாவது சரிபார்த்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூர்க்காரன் பதில் முடியாது. யூடியூபில் பார்ட்ஸைச் சோதித்துக் காட்டுபவர்கள் 24, 25 டிகிரி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கத்திரி வெயிலில் நம்ம ஊரில் வெளியே 40ஐத் தாண்டும், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் ராத்திரி பத்து மணிக்கும் 36, 37க்குக் குறையாது. அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு டிகிரி பிராசஸரிலும் கூடும். அங்கே 78 காட்டினால் இங்கே 90. 5600ஜியின் எல்லை 95. எல்லையைத் தொட்டால் எரிந்துபோகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடும். அதனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் வேண்டாம், வலை போட்டதாக வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். எத்தனை கலரில் எரிகிறது என்பது முக்கியமே இல்லை. பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலர் 5600ஜிக்குப் போதும், தனியாக வாங்க வேண்டாம், வாட்டர் கூலர் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

தூசி இன்னொரு பக்கம். மெயின் ரோட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கம்ப்யூட்டரைத் திறந்தால், கூலரின் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். அதை எடுத்துவிட்டு ஓட்டினாலே சூடு நன்றாக இறங்கிவிடும். மாசி, பங்குனியில் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டால் கோடை தாங்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமுக்குள் ஃபிரேம் ரேட்டை மானிட்டரின் அளவுக்குக் கட்டிவைத்தால் சூடும் குறையும், கரண்டும் குறையும். கரண்ட் கணக்கு கேட்டிருந்தீர்கள். கார்டு போட்ட பிறகு கேம் ஓடும்போது மொத்தம் 250 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். அரசு தரும் இலவச யூனிட்டை வீடு ஏற்கெனவே தாண்டியிருந்தால் அந்த 60க்கும் காசுதான்.

எஸ்எஸ்டி 500 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், பெரிய கேம்கள் ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கின்றன. இப்போதைய விலையில் 500 வாங்கிவிட்டு, போர்டில் இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டு, மவுஸ் எது வேண்டுமானாலும் வாங்கலாம்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான பதில் கிடையாது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், காலை ரயிலில் போனால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நாலு கடை விசாரித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். விலை கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு பாகம் பழுதானால் திரும்பவும் அதே ரயில். உள்ளூர் கடையில் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும், வாரண்டிக்கு அவர்களே அனுப்பி வாங்கித் தருவதாக இருந்தால் அந்தப் பணம் வீணில்லை. அனுப்பித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பர். "பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள், வாரண்டியும் அதோடு போய்விடும். பெட்டிகளைத் தூக்கிப்போடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்டு வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். படிப்பு முடித்து ஊருக்குப் போகும் மாணவர்கள் விற்பது உண்டு, நல்ல பொருளும் கிடைக்கும். பில் இருக்க வேண்டும், வாரண்டி மிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் உண்மையில் எந்த சிப் என்று காட்டும். பழைய சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிக் கார்டுகளை அது அடையாளம் காட்டிவிடும். கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றுபோனதால் அதற்கு முன் வந்த கார்டுகள் மைனிங்கில் இரவு பகலாக ஓடியவையாக இருக்கலாம். ஓடியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்று அர்த்தமில்லை. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதை எந்த மெக்கானிக்காலும் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஆக, இரண்டாவது கடைக்கே போங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை 550 வாட் பிரான்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், கேபினட்டை வலை முகப்புள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். 22 இன்ச் மானிட்டருக்குப் பதில் 24 இன்ச், ஐபிஎஸ் வகைத் திரை, 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 முறை படம் மாறும்) என்று கேளுங்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, மானிட்டர் மற்ற எல்லாவற்றையும் விட அதிக வருடம் உழைக்கும். 60,000க்குள் அடங்கும் என்றுதான் நினைக்கிறேன், கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். கம்ப்யூட்டரை வாங்கும்போது அங்கேயே நின்று மூன்றைச் சரிபார்க்கவும். ராம் இரண்டும் பிராசஸருக்குப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். போர்டில் இரண்டே ஸ்லாட் இருந்தால் இந்தக் கவலை இல்லை. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்து ராம் 3200இல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆன் செய்யாவிட்டால் 2400, 2666 என்று குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று நிற்பதை 100க்கு மாற்ற வேண்டும். நாளை தனி கார்டு போடும்போது மானிட்டர் கேபிளை போர்டிலிருந்து பிடுங்கி கார்டின் பின்னால் குத்தச் சொல்லுங்கள். கார்டு வாங்கியும் கேம் பழைய மாதிரியே ஓடுகிறது என்று தம்பி சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.